நூற்றுக்கு மூன்று குறைவு

கண் மருத்துவர் ஒருவர் அவளைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் இளமையில் வீட்டுக் கணினியில் எழுதிய மெட்டு ஒன்றை நிஜ வாத்தியங்களை வைத்து மேடையில் வாசிக்கப் போகிறோம் என்றார். அதைக் கேட்டு அவள் மகிழ்ச்சியில் வாயடைத்துப் போனாள் என்று எழுதத்தான் ஆசை. அப்படி எதுவும் நடக்கவில்லை.

“எப்பவாவது யாராவது கூப்பிடுவாங்கன்னு தெரியும் டாக்டர். இவ்வளவு லேட்டா கூப்பிடுவீங்கன்னுதான் நினைக்கல” என்றாள்.

அடுத்த மூச்சிலேயே நிபந்தனையும் போட்டாள். “ஆனா ஒண்ணு. நான் எப்படி எழுதினேனோ அப்படியே வாசிக்கணும். ஒரு எண்ணைக்கூட மாத்தக் கூடாது. மாத்தறதா இருந்தா வாசிக்கவே வேணாம்.”

மருத்துவர் சிரித்தபடியே ஒப்புக்கொண்டார். சிரித்தபடி ஒப்புக்கொள்கிறவர்களை முழுக்க நம்பக் கூடாது என்பது அவளுடைய தொழில் அனுபவம். ஆயுள் முழுவதும் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்த்தவள் அவள். பல் மருத்துவர்கள் சிரித்துக்கொண்டேதான் அவசர வேலையைத் தலையில் கட்டுவார்கள். அவர்களிடமிருந்து ஒரு வாயின் அச்சு, பிளாஸ்டரில் வார்த்து வரும். அதன்மேல் மெழுகை உருக்கி ஈறு செதுக்கி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, யாரென்றே தெரியாத ஒருவருக்குச் சிரிப்பைத் தயாரித்து அனுப்புவாள். அந்தச் சிரிப்பை அவள் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. நன்றாக இருந்தால் பேர் மருத்துவருக்கு. கடித்தால் பழி அவளுக்கு. இந்த ஏற்பாட்டில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தன் வேலை நன்றாகத்தான் இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளும் தேவை இருப்பதில்லை.

அவளுக்குச் சங்கீதம் தெரியாது. எந்த வாத்தியமும் வாசிக்க வராது. பாடினால் வீட்டில் உள்ளவர்களுக்கு அடுத்த அறையில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். ஆனால் எண்கள் வரும், பொறுமை வரும், மில்லிமீட்டரில் பாதியைக் கண்ணால் பிடிக்க வரும். இதைக் கொண்டே மெட்டுப் போடலாம் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமானால் கொஞ்சம் அசட்டுத் துணிச்சலும் வேண்டும். அது அவளிடம் தாராளமாகவே இருந்தது.

அந்தக் காலத்தில் வீட்டுக் கணினி வாங்கிய எல்லாரும் வீட்டுக் கணக்கு எழுதத்தான் வாங்கினார்கள். உலகத்தில் எந்த வீட்டுக் கணக்கும் அதில் எழுதப்படவில்லை. அவளும் அதையே சொல்லி வாங்கினாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கணினி என்று வந்த அந்தத் தடித்த விசைப்பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “திரை எங்கே?” என்று கேட்டார்.

“டிவியில மாட்டிக்கணும்.”

“எந்த டிவி?”

கேள்வியில் நியாயம் இருந்தது. அந்த வீட்டில் ஒரே ஒரு டிவி. அது கணவருடைய அக்காவின் சொந்த சம்பாத்தியம்.

நாத்தனார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தார். பகல் முழுக்க இரண்டு காதிலும் அடுத்தவர்கள் பேச்சு. வீட்டுக்கு வந்தால் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நிசப்தம். ஆனாலும் டிவி வாங்கியிருந்தார். அதைச் சத்தமில்லாமல் படம் மட்டும் பார்ப்பார். சுவரை அடைத்து நின்ற ஒரு பெரிய ஷோகேஸின் நடுத்தட்டில் டிவி இருந்தது. அதன் இரு பக்கமும் நகரும் கண்ணாடிக் கதவுகள். உள்ளே, பயன்படுத்தக் கூடாது என்பதற்காகவே வாங்கப்பட்ட கோப்பைகளும், ஒன்றின் முதுகை ஒன்று பார்த்தபடி நடக்கும் கண்ணாடி வாத்துகளும். ஷோகேஸுக்குப் பக்கத்தில் இருந்த சோபா முனை நாத்தனாருடையது.

அந்த டிவியில்தான், லேபிலிருந்து வந்து கைகழுவியதும், நாத்தனாரின் தொடர் ஆரம்பிக்கும்வரை அவளுக்கு அனுமதி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் விசைப்பலகையை வைத்துக்கொள்வாள். கணினியின் மின்பெட்டி குளிர்காலத்தில் காலுக்கு இதமாகச் சுடும்.

அந்தக் கணினிக்குக் குரல் மூன்றுதான். ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரம். நாலாவது வேண்டுமென்றால் ஒன்றை வாயடைக்க வேண்டும். முதல் மாதத்திலேயே இதற்கு வழி கண்டுபிடித்தாள். ஒரே குரலை மூன்று ஸ்வரங்களின் மேல் படுவேகமாக மாறி மாறி ஓடவிட்டால், காது களைத்துப்போய் மூன்றும் சேர்ந்து ஒலிப்பதாக ஒப்புக்கொண்டுவிடும். இரைச்சலை ஒரு கண்சிமிட்டும் நேரம் திறந்து மூடினால் மேளம். மற்றபடி மெட்டு என்பது எண்களின் வரிசைதான். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு எண், அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு எண், நடுவில் கமா. கமா ஒன்று விட்டுப்போனால் தாலாட்டு ஆம்புலன்ஸ் ஆகிவிடும். எழுதி முடித்ததைக் கேசட்டில் ஏற்ற வேண்டும். அது கீச்சிட்டுக்கொண்டே ஏறி முடிப்பதற்குள் யாராவது ஒயரில் கால் இடறினால் அன்றைய பாடு அத்தனையும் வீண். கணவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கப் பழகியிருந்தார்.

அவள் பேர் சொல்லிக்கொள்ளும்படியாக எழுதிய முதல் மெட்டு ‘மாடிப்படி’. அது அடியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, ஓர் இடத்தில் மூச்சு வாங்கி, பிறகு உச்சியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

“லிஃப்ட்டுன்னு பேர் வெச்சா என்ன?” என்றார் கணவர், தொழில் அபிமானத்தில்.

“லிஃப்ட் பாதியில நின்னுடும்.”

“எங்க லிஃப்ட் நிக்காது.”

“போன வாரம் நீங்களே உள்ள மாட்டிக்கிட்டீங்களே!”

உச்சி ஸ்வரத்தில்தான் வந்தது வினை. டிவியின் ஸ்பீக்கர் அந்த ஸ்வரத்தைத் தொட்டதும் ஷோகேஸின் வலப்பக்கக் கண்ணாடி கடகடவென்று ஆடும். வாத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். மற்ற ஸ்வரங்களுக்கெல்லாம் சாது. அந்த ஒன்றுக்கு மட்டும் ஆவேசம்.

“இந்தாம்மா, என் கண்ணாடி உடையப் போகுது.”

“உடையாது அண்ணி. ஆடுது, அவ்வளவுதான்.”

“ஆடறது எல்லாம் ஒருநாள் உடையும். அந்த ஒரு சத்தத்தை விட்டுடு.”

“அதை விட்டா மாடிப்படி மொட்டை மாடிக்குப் போகாது.”

“போகவேண்டாம். அங்கே என்ன இருக்கு?”

சில மாதம் இப்படி ஓடியது. அதற்குள் விசித்திரமான ஒன்று நடந்தது. சத்தமே பிடிக்காத நாத்தனார் அவளுடைய மெட்டுகளை அவளைவிட நன்றாக மனப்பாடம் செய்துவிட்டார். வேறு வழியில்லை, அந்த ஸ்வரம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே கண்ணாடியைப் பிடிக்க முடியும்? மடியில் வாரப்பத்திரிகை விரிந்தபடி இருக்கும், தலை நிமிராது. ‘மாடிப்படி’ மூச்சு வாங்கும் இடம் வந்ததும் வலக்கை தானாக எழுந்து உள்ளங்கையைக் கண்ணாடியில் பதிக்கும். ஸ்வரம் போனதும் கை திரும்பி வந்து பக்கத்தைப் புரட்டும். தாளம் ஒருநாளும் தப்பியதில்லை.

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். கதவின் இடுக்கில் காகிதத்தை மடித்துச் செருகினாள். அழகு கெடுகிறது என்று நாத்தனார் பிடுங்கிப் போட்டார். மெட்டு முழுவதையும் ஒரு ஸ்வரம் ஏற்றினாள். முன்பு அதற்கு அடுத்து இருந்த ஸ்வரம் இப்போது கண்ணாடியில் போய் விழுந்தது. இறக்கினாலும் அதே கதை. பன்னிரண்டு ஸ்வரங்களில் எதையாவது ஒன்றைக் கண்ணாடிக்குப் பலி கொடுத்தே ஆகவேண்டும் போலிருந்தது.

வழி கிடைத்தது லேபில். ஒரு கீழ்த்தாடை செட்டில் கடைவாய்ப் பல் ஒன்று மேல்பல்லோடு முட்டிக்கொண்டிருந்தது. முட்டுகிற பல்லை யாரும் பிடுங்கி எறிவதில்லை. மெழுகு இளகியிருக்கும்போதே வரிசை முழுவதையும் மயிரிழை நகர்த்துவார்கள். முட்டிய பல் எதிரே உள்ள இரண்டு பற்களின் நடுப்பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலால் அப்படி நகர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

ஸ்வரம் என்பது எண்தானே? எல்லா ஸ்வர எண்ணிலும் நூற்றுக்கு மூன்று குறைத்தால், எல்லா ஸ்வரங்களும் அரைப் படி கீழே இறங்கும். கண்ணாடி ஆவேசப்படும் இடம் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள சந்தில் மாட்டிக்கொள்ளும். அந்தச் சந்து வழியாக எந்த மெட்டும் போகாது.

அன்று மாலை கணினியில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். ‘மாடிப்படி’யை ஓடவிட்டாள். உச்சி வந்தது. நாத்தனாரின் கை வழக்கம்போல எழுந்து, கண்ணாடியைத் தொட்டு, அங்கே எதுவும் ஆடாததால் கொஞ்ச நேரம் குழம்பி, இறங்கியது.

“பரவாயில்லையே, சொன்னா கேட்டுக்கறே” என்றார் நாத்தனார்.

கேட்டுக்கொள்ளாமலேயே கேட்டுக்கொண்ட பேர் வாங்குவது எல்லாருக்கும் வாய்க்காது. அந்த வீட்டில் அதன்பின் இருந்த அமைதிக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. இரண்டு பேருக்கும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று திருப்தி.

அதன்பின் எழுதியவை அத்தனையும் நூற்றுக்கு மூன்று குறைவாகவே பிறந்தன. எதற்கும் நாத்தனாரின் கை எழவில்லை. வீட்டுக் கணினி வைத்திருந்தவர்கள் மாதம் ஒருமுறை கூடி கேசட் பரிமாறிக்கொள்ளும் மன்றம் ஒன்று இருந்தது. நகத்தில் எப்போதும் ஒட்டியிருந்த மெழுகைப் பார்த்து அங்கே அவளுக்கு ‘மெழுகு’ என்று பேர் வைத்தார்கள். கேசட்டுகள் கைமாறி, ஊர் மாறி, யார் யார் வீட்டிலோ ஒலித்தன. பிறகு கணினிகள் பெரிதாகி, மேசையேறி, உண்மையிலேயே கணக்கு எழுதத் தொடங்கின. அவளும் விட்டுவிட்டாள். அதில் சோகமும் கிடையாது. சொல்ல நினைத்ததை எல்லாம் மூன்று குரலில் சொல்லி முடித்தாகிவிட்டது என்பது அவள் கருத்து.

பழைய கணினி மெட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பது கண் மருத்துவருக்குப் பொழுதுபோக்கு. ‘மெழுகு’ யாரென்று அவர் கண்டுபிடிக்கவே சில வருடங்கள் பிடித்தனவாம்.

நிகழ்ச்சி ஒரு பள்ளிக்கூட அரங்கில். மாலை நிகழ்ச்சிக்கு மதியமே ஒத்திகை. அவள் போனாள், கணவர் போனார், எண்பது தாண்டிய நாத்தனாரும் “என் டிவியில போட்ட பாட்டுதானே!” என்று உரிமையோடு கிளம்பி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மேடையில் நாலு பேர்: கீபோர்டில் மருத்துவர், ஒரு வயலின், அதன் பெரியண்ணன் போல ஒரு செல்லோ, ஒரு மேற்கத்தியப் புல்லாங்குழல். புல்லாங்குழல்காரி சிறு பெண். மற்ற நேரத்தில் விமான நிலையத்தில் வேலையாம்.

‘மாடிப்படி’ ஆரம்பித்தது. அடிப்படியில் செல்லோ நின்றது. வயலின் ஏறியது. கணினியில் ஒரே குரல் மூன்று ஸ்வரத்தில் ஓடி ஓடி ஏமாற்றிய இடத்தில், இப்போது மூன்று வாத்தியங்கள் ஏமாற்றாமல் சேர்ந்து ஒலித்தன. நன்றாகத்தான் இருந்தது. நான் எழுதியதல்லவா, நன்றாக இல்லாமல் எப்படி என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கும் இடம் வந்தது. பிறகு உச்சி.

பக்கத்தில் நாத்தனாரின் வலக்கை எழுந்தது. உள்ளங்கையை விரித்து, காற்றில் இல்லாத ஒரு கண்ணாடியைத் தேடியது.

“நிறுத்துங்க!” என்றாள் அவள். நாலு வாத்தியமும் நின்றன. “டாக்டர், சுருதியை ஏத்திட்டீங்களா?”

மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காது பிரமாதம் மேடம். உடனே கண்டுபிடிச்சிட்டீங்க.”

கண்டுபிடித்தது தன் காது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பாதி மெட்டு ஓடும்வரை அவளுக்கு ஒரு வித்தியாசமும் தோன்றவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் காணவில்லை.

“அது ஒரு சின்னத் தப்பு மேடம். அந்தக் காலத்துல நிறைய பேர் பண்ணினதுதான்” என்று மருத்துவர், நோயாளியிடம் பேசும் குரலில் விளக்கினார். “அந்தக் கம்ப்யூட்டர் ரெண்டு மாடல்ல வந்துச்சு. வெளிநாட்டு மாடலுக்கு உள்ளே கடிகார வேகம் வேற. அதுக்குப் போட்ட ஸ்வர அட்டவணையைப் பார்த்து இங்கே எண்களை எழுதினா, எல்லாம் கொஞ்சம் இறங்கிப் போகும். நீங்களும் அப்படி எழுதியிருக்கீங்க. நாங்க சரி பண்ணிட்டோம்.”

“தப்பெல்லாம் இல்ல. தெரிஞ்சேதான் குறைச்சேன். நூத்துக்கு மூணு.”

“ஏன்?”

பெரிய தத்துவம் ஏதாவது சொல்லியிருக்கலாம். அரங்கில் அதற்கு நல்ல வரவேற்பும் இருந்திருக்கும். அவள் உள்ளதைச் சொன்னாள். ஷோகேஸ், வாத்துகள், சந்து எல்லாம் சொன்னாள்.

முதலில் பேசியது மருத்துவர் அல்ல.

“அப்போ அந்தச் சத்தத்தை நீ விடவே இல்லையா?” என்றார் நாத்தனார்.

“இல்ல அண்ணி. கொஞ்சம் தள்ளி வெச்சேன்.”

“நாற்பது வருஷமா, என் தம்பி பொண்டாட்டி நான் சொன்னா கேப்பான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்!”

“சொல்லுங்க. யாரு வேணாம்னா?”

மருத்துவர் இந்தக் குடும்ப விவகாரம் ஓயும்வரை காத்திருந்து, மிகச் சரியான கேள்வியைக் கேட்டார். “அப்படின்னா காரணம் ஷோகேஸ்தானே மேடம்? இங்கே ஷோகேஸ் இல்லையே. இனிமே சரியான சுருதியில வாசிக்கலாமே!”

வாதத்தில் ஓட்டையே இல்லை. ஓட்டை இல்லாத வாதம் வந்தால் அதன் பக்கமே போகக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“டாக்டர், எங்க லேப் இருந்த கட்டடத்துலதான் எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் பார்த்தார். அதனாலதான் கல்யாணமே நடந்தது. லேப் இடம் மாறி எவ்வளவோ வருஷம் ஆச்சு. காரணம் போயிடுச்சேன்னு அவரைத் திருப்பிக் கொடுத்துடட்டுமா?”

“யாருகிட்ட கொடுப்பே?” என்று பின்வரிசையிலிருந்து கணவர் கேட்டார். “அதையும் சொல்லிடு.”

செல்லோக்காரர் வில்லால் வாயை மறைத்துக்கொண்டார். மருத்துவரும் சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை. “கேக்க வர்றவங்க எல்லாம் இதுல ஊறினவங்க மேடம். சுருதி குறைஞ்சு வாசிச்சா எங்களுக்கு வாசிக்கத் தெரியலன்னு நினைப்பாங்க. அதோட, புல்லாங்குழலை இழுத்த இழுப்புக்கு வளைக்க முடியாது.”

“புத்தகத்துல இருக்கற வாய்க்கு யாரும் பல்லு கட்டறதில்ல டாக்டர். வந்த வாய்க்குத்தான் கட்டணும். அந்தப் பாட்டோட வாய் அதுதான். அந்தச் சுருதிக்கு வந்தப்புறம்தான் ஒவ்வொரு எண்ணா உக்காந்து இழைச்சேன்.” கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “முடியலன்னா விட்டுடுங்க. கோபம் இல்ல. அடுத்த பாட்டை வாசிங்க.”

சும்மா மிரட்டலுக்குச் சொன்னதில்லை. இந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கவில்லை என்று எத்தனை அலட்டிக்கொண்டாலும், புதுப்புடவை கட்டி வந்திருந்தாள். இன்னொரு அழைப்பு வரும் வயதும் இல்லை. இருந்தும் எழுந்துவிட்டாள். கணவரும் எழுந்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்து, தரையில் ஓடிய ஒயர்களைத் தாண்டி வாசல் பக்கம் நடந்தார்.

அவள் அவர் பின்னால் பாதி தூரம் போயிருப்பாள். முதுகுக்குப் பின்னால் ஒற்றை ஸ்வரம் கேட்டது. கரகரப்பாக, இறங்கி, திரும்ப ஏறி, இன்னும் இறங்கி. புல்லாங்குழல்காரி குழலின் தலைப்பகுதியை மூட்டிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வருது டாக்டர்” என்றாள் அந்தப் பெண். “மேல் ஸ்வரம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்குது. உதட்டால சமாளிச்சுக்கறேன்.”

வயலின்காரர் தந்தியை முறுக்கும் முளைகளைத் தளர்த்த ஆரம்பித்தார். செல்லோவும் முனகிக்கொண்டே இறங்கியது. மிச்சம் இருந்தது கீபோர்டு. அதற்கு ஒரு குமிழைத் திருகினால் போதும். இருப்பவற்றிலேயே சுலபமானது அதுதான். மூன்று பேரும் மருத்துவரைப் பார்த்தார்கள்.

“எவ்வளவு சொன்னீங்க?” என்றார் மருத்துவர்.

“நூத்துக்கு மூணு.”

திருகினார்.

மாலையில் அரங்கம் நிரம்பியிருந்தது. பெரும்பாலும் தலை நரைத்த ஆண்கள், தங்கள் முதல் கணினியைப் பற்றி ஒரே நேரத்தில் பேசுகிறவர்கள். ‘மாடிப்படி’யின் முதல் அடிகள் எழுந்ததும் இரண்டு மூன்று பேர் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் புருவத்தை உயர்த்தினார். செல்லோ அசையாமல் அடிப்படியில் நின்றது. வயலின் ஏற ஏற, உயர்ந்த புருவங்கள் மெல்ல இறங்கின. நடுவில் எங்கோ சுருதி என்ற பேச்சே இல்லாமல் போனது. மூச்சு வாங்கும் இடத்தில் அரங்கமே கூட வாங்கியது. உச்சி ஸ்வரத்தைப் புல்லாங்குழல் உதட்டைக் கடித்துக்கொண்டு பிடித்தது. பிடித்து, நடுங்காமல் நின்றது. நாத்தனாரின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

கைதட்டலுக்கு அவள் எழுந்து நின்றாள். கூச்சப்படவில்லை. கொஞ்சம் கூடுதல் நேரமே நின்றாள்.

அடுத்த மெட்டு, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவருடையது. அவர் சங்கீதம் முறையாகப் படித்தவர். அவருடைய எண்கள் அட்டவணையில் உள்ளபடி அப்பழுக்கில்லாதவை. முளைகளை முறுக்கி, குழலை உள்ளே தள்ளி, குமிழைத் திருப்பி, எல்லாரும் பழைய சுருதிக்கு ஏறிக்கொண்டு ஆரம்பித்தார்கள். முதல் வரிசையில் நாத்தனார் நெளிந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது.

“என்னம்மா இது? சுருதியே சேரல!”

இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த வங்கி மேலாளர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ “ஆமா, கொஞ்சம் கீச்சுன்னுதான் இருக்கு” என்று முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது.

“ஷ்ஷ், அண்ணி” என்று அவள் நாத்தனாரின் கையை அழுத்தினாள். பிறகு அவர் காதுப்பக்கம் சாய்ந்து, மேலாளருக்கும் கேட்கிற அளவில், பெருந்தன்மையோடு சொன்னாள்:

“பாவம், கொஞ்சம் ஏத்தி எழுதிட்டார். அந்தக் காலத்துல நிறைய பேர் பண்ணினதுதான்.”